எட்டாவது ஆள்

சன்னலோரம் நீங்களே உக்காந்துக்கங்க அம்மிணி, எனக்கு வெயிலு ஆகாது. இந்தப் பையை மட்டும் காலுக்கடியில வெச்சுக்கறனுங்க. முருங்கைக்காய்தான். எங்கண்ணன் ஊட்டுல கட்டிக் குடுத்தாங்க. நீங்க எங்க எறங்கோணும், காங்கயமா? நான் திருப்பூருங்க. காங்கயத்துக்கு இன்னும் அரை மணி நேரமாச்சும் ஆகும். போதும், எனக்கு அது போதுமுங்க.

அதா, டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டுல, மஞ்சச் சுடிதாரு போட்டு, காதுல வயரை மாட்டிட்டு ஒரு புள்ளை உக்காந்திருக்குது பாருங்க. அது என்ற மகதான். ரெண்டு பேருக்கும் ஒண்ணா எடங் கெடைக்கலை. ஒரு விதத்துல அதுவும் நல்லதுக்குத்தான். எனக்கு ஒரு நாயம் யாருகிட்டயாவது சொல்லியாகோணும். சொல்லாட்டி நெஞ்சு வெடிச்சுரும்.

பஸ்ஸு ஏறறதுக்கு முந்தியே அவகிட்டக் கேட்டுட்டனுங்க. கண்ணு, யாருகிட்டயாவது சொன்னாத்தான் என்ற மனசு ஆறும், சொல்லிக்கட்டுமான்னேன். அதுக்கு அவ, முன்னப்பின்னத் தெரியாதவங்களாப் பாத்துச் சொல்லிக்கம்மா, என்ற பேரை மட்டும் சொல்லிராதேன்னா. அதனால பேரு சொல்ல மாட்டனுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க.

நீங்களே ஒரு நாயம் சொல்லுங்க. ஒரு புள்ளை தன்னைப் பத்தி முக்கியமான சேதி ஒண்ணை ஊட்டுல சொல்லுதுன்னு வெச்சுக்கங்க. பெத்தவளுக்கு அதை எத்தனாவதாச் சொல்லோணும்? மொதல்ல. வேண்டாம், அப்பனுக்கு மொதல்ல சொல்லி, ரெண்டாவதாச் சொன்னாக்கூட பொறுத்துக்கலாம். எட்டாவதுங்க. நான் எட்டாவது.

எங்க குடும்பத்தைப் பத்திச் சொன்னாத்தான் உங்களுக்கு வெளங்கும். எங்களுக்கு மொறைன்னா மொறைதானுங்க. எங்கண்ணன் நாச்சிமுத்து, இப்பப் போயிட்டு வர்றமே அவரு, ஒரு கல்யாணப் பந்தியில எலையில சோறு விழுந்து, பருப்பு ஊத்தக் கரண்டி வந்த நேரத்துல எந்திரிச்சு வந்தவரு. என்ன காரணம்னா, அவருக்கு வெக்க வேண்டிய பத்திரிகையை அவரு பங்காளிக்கு வெச்சதுக்கு அப்பறம் கொண்டாந்து வெச்சுட்டாங்களாமா. அது அவருக்கு அந்த எலையில உக்காந்த பொறகுதான் தெரிஞ்சுதாமா. நானும் கொறைச்சலில்லை. என்ற ஓரகத்தி புதுசாக் கட்டுன மாடிக்குக் குடி போறதுக்கு, வெத்தலை பாக்கு வெச்சு என்ற கையில சொல்லாம, கடைக்குப் போயி எங்கூட்டுக்காரருகிட்டச் சொல்லிட்டு வந்துட்டா. ஆறு வருசம் நான் அவகூடப் பேசலை. ஆறு வருசமும் ஒரே காம்பவுண்டுலதான் குடியிருந்தோம். மொளகா காயப்போடற மொட்டை மாடி ஒண்ணுதான். அவ ஏறுனா நான் எறங்கிருவேன்.

இப்படிப்பட்ட வம்சத்துல பொறந்த புள்ளைங்க இது. பனியன் கம்பெனியில ஆபீசு வேலை. இருவத்திரெண்டு வயசு. நானும் ஜாதகத்தை எடுத்து நாலு பக்கம் குடுத்து வெச்சிருந்தேன். ஒரு ஞாயித்துக்கெழமை, நான் வாழைப்பூ உரிச்சுட்டு இருக்கறேன். அவ வந்து எதுக்கால சம்மணம் போட்டு உக்காந்தா. அவளும் ரெண்டு பூ எடுத்து நரம்பை உருவுனா. எனக்கு அப்பவே சந்தேகமுங்க. அவ எந்தக் காலத்துல வாழைப்பூவைத் தொட்டிருக்கறா?

"அம்மா, எனக்குப் பசங்க மேல அந்த மாதிரி நெனப்பே வர்றதில்லை. பொண்ணுங்க மேலதான் வருது. சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். ஒரு வாழ்க்கைன்னு வாழ்ந்தா ஒரு பொண்ணோடதாம்மா வாழ்வேன். ஜாதகம் குடுக்கறதை நிறுத்திக்க"ன்னா.

எனக்கு மனசு பொக்குன்னு போச்சுங்க. பொய் சொல்ல மாட்டேன். கையெல்லாம் வாழைப்பூக் கறை, கண்ணையும் தொடைக்க முடியலை. அழுகறதா, கத்தறதா, ஒண்ணும் தெரியலை. வாயில வந்த கேள்வியைக் கேட்டேன். இதை வேற யாருகிட்டயாவது சொல்லியிருக்கறயான்னேன். இல்லம்மா, உங்கிட்டத்தான் மொதல்லன்னு சொல்லுவா, யாருகிட்டயும் சொல்லிராதேன்னு தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கிக்கலாம்னு நெனச்சு வாயைத் தொறந்து வெச்சிருக்கறேன்.

"அத்தைகிட்டச் சொல்லியிருக்கறேன்"னா.

அவ்வளவுதானுங்க. அந்தப் பொக்குன்னு போனதெல்லாம் எங்க போச்சுன்னே தெரியலை. அத்தைன்னா யாருன்னு நெனச்சீங்க? மரகதம். எங்கூட்டுக்காரரு தங்கச்சி. அவளுக்கும் எனக்கும் எப்படின்னு கேட்டா காங்கயம் போயி, திருப்பூரும் தாண்டிரும், அது வேண்டாம். எப்பச் சொன்னேன்னேன். ஒரு வருசமாச்சுன்னா. ஒரு வருசம். அந்த ஒரு வருசத்துல தீவாளி வந்துச்சு, பொங்கலு வந்துச்சு, ரெண்டு காதுகுத்து, ஒரு சீரு. எல்லாத்துலயும் அந்த மரகதம் என்னைப் பாத்து ஒரு சிரிப்புச் சிரிப்பா. என்ற சேலை நல்லாருக்குதாட்டம் இருக்குதுன்னு நானும் சிரிச்சுட்டிருந்திருக்கறேன்.

அப்பறம் ஒவ்வொண்ணாக் கெளறுனேன். கூடப் படிச்ச புள்ளைங்க நாலு பேருக்குக் காலேசுல இருக்கறப்பவே தெரியுமாம். செரி, அது வயசுப் புள்ளைங்க. அஞ்சாவது மரகதம். ஆறாவது எங்கூட்டுக்காரரு. மூணு மாசத்துக்கு முந்தி வண்டி பஞ்சராகி, பஞ்சர்க்கடை பெஞ்சுல ரெண்டு பேரும் உக்காந்திருக்கறப்பச் சொல்லியிருக்கறா. அவரு செரீன்னு சொன்னாராம். செரீன்னு. அதுக்கப்பறம் மூணு மாசமா, சோறு போடறப்பெல்லாம் என்ற மூஞ்சியவே பாத்து, நீ நல்லாத்தானே இருக்கறே, மனசுக்கு ஒண்ணுமில்லையேன்னு கேப்பாரு. எனக்கு என்ன தோணும்? மனுசனுக்குத்தான் ஏதோ சீக்குன்னு பயந்து, ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி ரத்தம், சளி, ஸ்கேனு எல்லாம் எடுத்தேன். அந்த மிசினுக்குள்ள போயிப் படுத்துக்கிட்டாரே ஒழிய, வாயைத் தொறக்கலை.

ஏழாவது யாருன்னு நெனக்கறீங்க? தையக்காரம்மா ஜெயந்தி. பொண்ணு பாக்க வர்றதுக்குன்னு நான் இவளை ஜாக்கெட்டு அளவு குடுக்க அனுப்புனேன். அந்தம்மா டேப்பைப் புடிச்சுக்கிட்டு, மாப்பிள்ளை எந்தூருன்னு கேட்டிருக்குது. இவ அங்கயே அழுதுட்டு, எல்லாத்தையும் சொல்லிப்போட்டா. அதுக்கு அந்தம்மா, அதுக்கெதுக்கு அழுவறே கண்ணு, கையி அரைக்கையா முக்காக் கையான்னு கேட்டுச்சாமா. நானு அதுக்கப்பறம் போயி அதே ஜாக்கெட்டை வாங்கிட்டு வந்தேன். அந்தம்மா என்ற கையைப் புடிச்சு, தைரியமா இருங்கன்னு சொல்லுச்சு. ஜாக்கெட்டு டைட்டா இருக்கும்போலன்னு நெனச்சுட்டு வந்தனுங்க.

அத்தைகிட்ட எதுக்குடி மொதல்ல சொன்னேன்னு கேட்டேன். அத்தைகிட்டன்னா எனக்குப் பயமில்லம்மான்னா. இது ஒரு பதிலுங்களா? பயமில்லாதவங்களுக்கெல்லாம் மொதல்ல சொல்றதா? மரியாதைப்பட்ட எடத்துலதானே மொதல்ல சொல்லோணும்? தாரணி, நீ பண்ணுனது மொறையே இல்லைன்னு சொல்லிட்டு வாழைப்பூவை அப்படியே போட்டுட்டு எந்திரிச்சுட்டேன்.

ஐயோ, பேரைச் சொல்லிப்போட்டனா? மறந்துருங்க அம்மிணி. நீங்க கேக்கவே இல்லை.

ரெண்டு நாளு நான் அவகூடப் பேசலை. மூணாவது நாளு கூப்பிட்டு உக்கார வெச்சேன். இத பாரு கண்ணு, நடந்தது நடந்துருச்சு. நீ பொண்ணைப் புடிச்சிருக்குதுங்கறே, அதை நான் ரோசனை பண்ணிக்கறேன், அதுக்கு எனக்கு டைம் வேணும். ஆனா நீ சொன்ன வரிசை தப்பு. தப்பாப் போன காரியத்தை மறுபடியும் மொதல்ல இருந்து மொறைப்படி பண்ணோணும். எல்லாருக்கும் திரும்பச் சொல்லுன்னேன்.

அவளுக்கு மொதல்ல ஒண்ணும் புரியலை. தெரிஞ்சவங்களுக்கே திரும்பச் சொல்றதாம்மான்னா. ஆமான்னேன். வெத்தலை பாக்கு, பழம், தேங்கா வெச்சுத் தட்டத்தோட போயிச் சொல்லோணும். அவங்க யாரும் முன்னயே தெரிஞ்ச மாதிரி மூஞ்சியக் காட்டக்கூடாதுன்னேன். இது என்ன கல்யாணப் பத்திரிகையாம்மான்னு கேட்டா. பத்திரிகையில தேதியும் மண்டபமும்தானே இருக்குது, இது அதைவிடப் பெரிய சேதியில்லையான்னேன். அவ சிரிக்க ஆரம்பிச்சா. சிரிச்சா சிரிச்சா, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சுட்டு, செரிம்மா, யாருக்கு மொதல்லன்னா. நான் கத்துவேன், சோறு திங்காமக் கெடப்பேன், ஊட்டை விட்டுப் போடீன்னு சொல்லுவேன்னெல்லாம் நெனச்சிருப்பாளாட்ட இருக்குது. எனக்கு அதுக்கெல்லாம் எங்கிங்க நேரம்? எத்தனை பேருக்குச் சொல்ல வேண்டியிருக்குது.

மொதல் பத்திரிகை யாருக்கு வெப்போம்? கொல தெய்வத்துக்கு. கோயலுக்குப் போனோம். அம்மன் முன்னால நின்னு சொல்லு கண்ணுன்னேன். பூசாரி பக்கத்துலயே நின்னுக்கிட்டு, என்ன வேண்டுதல், பேரு நட்சத்திரம் சொல்லுங்கறாரு. அவ மனசுக்குள்ளயே சொல்லிக்கறேன்னுட்டா. நானும் கையோட ஒரு பூ கேட்டுரலாம்னு நெனச்சேன். உங்களுக்குத் தெரியுமில்லைங்க, அம்மன் தோள்ல ரெண்டு பக்கமும் பூ வெச்சு மனசுல ஒண்ணை நெனச்சு நிக்கோணும், வலது பக்கம் விழுந்தா அம்மன் செரீன்னு சொன்ன மாதிரி. நான் நெனச்சுக் கேட்டேன். முக்கா மணி நேரமுங்க. பூ அசையவே இல்லை. பூசாரிக்குப் பசி. பக்கத்துல நின்ன குடும்பம் நெலத்து விசயமாக் கேக்க வந்தவங்க, அவங்க மொணமொணக்கறாங்க. அப்படி என்னதாம்மா கேட்டேன்னு இவ கேட்டா. மரகதத்துக்கு மொதல்ல சொன்னது செரியா தப்பான்னு கேட்டேன்னேன். தள்ளிக்கம்மான்னுட்டு அவ வந்து நின்னா. கண்ணை மூடுனா. மூடுன கண்ணைத் தொறக்கறதுக்குள்ள வலப்பக்கப் பூ பொத்துன்னு விழுந்துச்சு. என்ன கேட்டேன்னு சொல்லவே மாட்டேன்னுட்டாளுங்க. இன்னைக்கு வரைக்கும் சொல்லலை.

அடுத்தது நானு. பட்டுச் சேலை கட்டிக்கிட்டு முன்ரூமு சோபாவுல உக்காந்தேன். அவ தட்டத்தோட வந்து நின்னு, அதே வார்த்தையை அப்படியே சொன்னா. அன்னைக்கு வாழைப்பூ உரிக்கறப்பச் சொன்னது காதுல விழுந்துச்சே தவிர, மரகதம் பேரு வந்து குறுக்க நின்னுக்கிச்சு. இப்பத்தான் முழுசாக் கேட்டனுங்க. சின்ன வயசுல இருந்தேன்னா. எந்தச் சின்ன வயசு? எட்டாவது படிக்கறப்பவா? எத்தனை வருசம் இந்தப் புள்ளை ஊட்டுக்குள்ள தனியாவே இருந்திருக்குதுன்னு நெனச்சேன். தட்டத்தைக் கையில வாங்குனவ வெக்க மறந்து அழுதேன். பழமெல்லாம் உருண்டு சோபாவுக்கு அடியில போயிருச்சு. அவதான் குனிஞ்சு பொறுக்குனா.

எங்கூட்டுக்காரருக்குச் சொன்னப்ப, அவரு தெரியாத மாதிரி நடிக்கறேன்னுட்டு கையில இருந்த டம்ளரைக் கீழ போட்டாரு. காப்பி குடிச்சு முடிச்ச டம்ளருன்னாலும் பரவால்லை. முழுசாக் காப்பி. அவருக்கு அவ்வளவுதான் வருமுங்க. மரகதத்துக்கு அதுவும் வல்லை. அவளுக்கு ஒரு நாளு முந்தியே போன் போட்டு, நாளைக்கு வர்றோம், உனக்கு ஒண்ணுந் தெரியாதுன்னு நெனச்சுக்கன்னு சொல்லி வெச்சிருந்தேன். நாங்க போயித் தட்டத்தை நீட்டுனதும், இவ வாயைத் தொறக்கறதுக்கு முந்தியே நெஞ்சுல அடிச்சுக்கிட்டு ஒப்பாரி வெச்சுட்டா. என்ற தங்கமே, எனக்கு ஒரு வார்த்தை முந்தியே சொல்லலையேன்னு. தெருவே வந்து நின்னுருச்சு. யாரு போயிட்டாங்க, எப்ப எடுக்கறாங்கன்னு கேக்கறாங்க. நல்ல சேதிதாங்க, சந்தோசத்துல அழுவறாங்கன்னு நான்தான் சொல்லி அனுப்புனேன். சொன்னதுக்கப்பறந்தான் நெனச்சேன், நல்ல சேதின்னு என்ற வாயிலயே வந்துருச்சேன்னு.

தையக்காரம்மாவுக்குக்கூட ரெண்டு வெத்தலை வெச்சுச் சொல்லியாச்சு. அந்தம்மா எந்த நடிப்பும் நடிக்கலை. பழத்தை எடுத்துட்டு, ஜாக்கெட்டு பத்துச்சான்னு கேட்டுச்சு.

இத்தனையும் கேட்டுட்டு உங்களுக்கு ஒரு சந்தேகம் வரோணும். வந்துருச்சா? கொல தெய்வத்துக்கு அடுத்தது தாய்மாமனுக்குத்தானே சொல்லோணும்? பொண்ணுப் புள்ளைக்குத் தாய்மாமனை விட்டா யாருங்க? எங்கண்ணன் நாச்சிமுத்துவுக்கு ஒண்ணுமே தெரியாது. நெசமாவே தெரியாதவரு அவரு ஒருத்தருதான். இவளும் கேட்டா. அம்மா, மாமாவுக்குத்தானே மொதல்ல, வரிசை தப்புதேன்னா. நாளைக்கு அஷ்டமின்னேன். அப்பறம் நவமி. அப்பறம் கரிநாளு. அப்பறம் வெள்ளகோயில் சந்தை, அண்ணன் ஊட்டுல இருக்க மாட்டாருன்னேன். எருமை கன்னு போட்டிருக்குது, இப்பப் போயித் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னேன். இவ காலண்டரைக் கையில எடுத்துக்கிட்டு வந்து, ஒண்ணரை மாசத்துல ஒரு நல்ல நாளுகூடவாம்மா இல்லைன்னு கேட்டா. உனக்கு நாளு பாக்கத் தெரியாது, பேசாம இருன்னுட்டேன்.

எங்கப்பன் போனப்ப எனக்குப் பன்னெண்டு வயசுங்க. அண்ணந்தான் எனக்கு எல்லாம். படிக்க வெச்சது, கட்டிக் குடுத்தது, பொறந்த ஊடுன்னு ஒண்ணு எனக்கு இன்னைக்கும் இருக்குதுன்னா அது அவருதான். பந்தியில எந்திரிச்சு வந்தவருன்னு சொன்னேனே, அந்தச் சொந்தக்காரங்க ஊட்டு வாசலை அவரு அதுக்கப்பறம் மிதிக்கவே இல்லை. அவரு அப்படிப்பட்டவரு. எந்திரிச்சாருன்னா எந்திரிச்சதுதான்.

நேத்து இவ, நானே தனியாப் போறேம்மா, நீ வர வேண்டாம்னா. அப்பறந்தான் எனக்கு ரோசம் வந்துச்சு. இன்னைக்குக் காலையில கெளம்பிட்டோம்.

அண்ணன் எப்பவும் போல வாங்கன்னாரு. அண்ணி தண்ணி குடுத்தாங்க. தட்டத்தை அவரு முன்னால வெச்சோம். யாருக்குக் கல்யாணம், எந்தூரு மாப்பிள்ளைன்னு மொகமெல்லாம் பூரிச்சுப் போயிக் கேட்டாரு. இவ சொல்லோணும். எல்லாத்துக்கும் கணீர்னு சொன்ன புள்ளைங்க, அம்மனுக்கே சொன்னவ. வாயைத் தொறந்தா, காத்துதான் வருது. மறுபடி தொறந்தா. கையி சேலைத் தலைப்பைத் தேடற மாதிரி துப்பட்டாவைப் புடிச்சுப் புடிச்சு விடுது.

நான் பாத்துட்டே இருந்தேன். சொல்லட்டும், அவ சேதி, அவதான் சொல்லோணும்னு நெனச்சேன். ஆனா என்னால முடியலை. அதுவரைக்கும் அந்த வார்த்தையை நான் ஒரு தடவைகூட என்ற வாயால சொன்னதில்லைங்க. அந்த விசயம், அந்தச் சேதின்னே சொல்லிட்டிருந்தேன். அவ கையைப் புடிச்சு, நான் சொல்லட்டுமா கண்ணுன்னேன். தலையை ஆட்டுனா.

"அண்ணா, நம்ம தாரணிக்குப் பொண்ணுங்களைத்தான் புடிக்குமாமா. அவ ஒரு பொண்ணோடதான் வாழுவா. அதைத்தான் உங்ககிட்டச் சொல்ல வந்தோம்"ன்னு சொல்லிப்போட்டேன்.

அண்ணன் எந்திரிச்சுட்டாருங்க.

எந்திரிச்சுக் கட்டுத்தரைக்குப் போயிட்டாரு. அப்பத்தான் தண்ணி குடிச்சுட்டுப் படுத்திருந்த எருமையை எழுப்பி மறுபடியும் தண்ணி காட்டறாரு. அந்த எருமை அவரையும் தொட்டியையும் மாத்தி மாத்திப் பாக்குது. அண்ணி உள்ள போயி வெங்காயம் வணக்கற மாதிரி வெறும் வடச்சட்டியைக் கரண்டியால கெளறிட்டு இருக்கறாங்க. நாங்க ரெண்டு பேரும் தட்டத்தையே பாத்துட்டு உக்காந்திருக்கறோம். போச்சு, பொறந்த ஊடு போச்சுன்னு நெனச்சேன். இனிமே தீவாளிக்கு எங்க போவேன்னு, அந்த நேரத்துல அதைத்தாங்க நெனச்சேன்.

ரொம்ப நேரங்கழிச்சு வந்தாரு. உக்காரலை. கதவு நெலவுக்காலைப் புடிச்சு நின்னுக்கிட்டு, "இதை யாருக்கெல்லாம் சொல்லியாச்சு?"ன்னாரு.

உங்களுக்குத்தான் மொதல்லன்னு சொல்லிரலாம்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சுங்க. பொய்தான். அந்தப் பொய்யைச் சொல்லியிருந்தா அவரு அப்பவே தட்டத்தை எடுத்திருப்பாரு. ஆனா மரகதம் அவரை ஒரு கல்யாணத்துல பாத்தான்னா, ஒரு நிமிசம் தாங்குமா அந்தப் பொய்யி? அதுவுமில்லாம அண்ணன் மூஞ்சியப் பாத்துப் பொய் சொல்ல எனக்கு வராது. எல்லாருக்கும் சொல்லியாச்சுங்க அண்ணா, நீங்கதான் கடைசின்னேன். மரகதத்துக்குமான்னாரு. ஆமான்னேன். அவரு மூஞ்சி சுருங்கிப் போச்சுங்க. கோவமில்லை. புள்ளைங்க வெளையாட்டுல சேத்துக்காம உட்டா மூஞ்சி ஒண்ணு வருமே, அந்த மூஞ்சி. எழுவது வயசு மனுசன்.

"அண்ணா, உங்களை மதிக்காம இல்லீங்க. மரகதம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டா நானும் திருப்பிக்கிட்டுப் போயிருவேன். ஊரே திருப்பிக்கிட்டாலும் எனக்கு ஒண்ணுமில்லை. நீங்க திருப்பிக்கிட்டா நான் எங்க போவேன்? அந்தப் பயத்துலதான் உங்களைக் கடைசியா வெச்சேன். உங்ககிட்ட வர்றதுக்குத்தான் எனக்குக் காலு வல்லை."

இதைச் சொல்லிட்டே இருக்கறனுங்க, பாதியில என்ற வாயி நின்னு போச்சு. பக்கத்துல அவ உக்காந்திருக்கறா. திரும்பிப் பாத்தேன். அவ என்னையவேதான் பாத்துட்டிருக்கறா. கண்ணெல்லாம் நெறஞ்சு கெடக்குது. ஆமாம்மான்னு சொல்ற மாதிரி பாக்கறா. எனக்கு அவ மூஞ்சியப் பாக்க முடியலை, தரையைப் பாத்துக்கிட்டேன்.

அண்ணன் வந்து உக்காந்தாரு. துண்டை எடுத்து மூஞ்சியத் தொடச்சாரு. அப்பறம் இவகிட்ட ஒரு கேள்வி கேட்டாருங்க. நீங்க நம்ப மாட்டீங்க. அந்தப் பக்கமும் பொண்ணுங்கறே, அப்ப அந்தப் பொண்ணுக்கும் ஒரு தாய்மாமன் இருப்பானல்லன்னாரு. இருப்பாருங்க மாமான்னா இவ. ரெண்டு பக்கமும் பொண்ணு ஊடுன்னா, பொண்ணு ஊட்டுத் தாய்மாமன்னு ரெண்டு பேரு வந்து நிப்பாங்களே, எவன் மொதல்ல மாலை போடறதுன்னாரு. இன்னும் அப்படி ஒரு பொண்ணே இல்லீங்க மாமான்னா. அதனாலதான் இப்பவே சொல்றேன், பொண்ணு வந்த பொறகு பேசுனா மொறையா இருக்காது, மொத மாலை என்றதுதான், அதை எவனுக்கும் உட்டுத்தர மாட்டேன்னு சொல்லிட்டு, தட்டத்தை ரெண்டு கையாலயும் எடுத்துக்கிட்டாரு.

அவரு மனசு முழுசா ஆறிருச்சுன்னு சொல்ல மாட்டனுங்க. ஆனா சாப்பிடறப்ப இவ எலையில ரசம் தீந்ததைப் பாத்துட்டு, புள்ளைக்கு ஊத்துங்கன்னு அண்ணிகிட்டச் சொன்னாரு. முருங்கைக்காயும் அவரேதான் தொரட்டி போட்டுப் பறிச்சாரு.

காங்கயம் வந்துருச்சாட்ட இருக்குது. பஸ் ஸ்டாண்டுக்குள்ள போறானா, வெளியவே நிறுத்துவானா? உள்ள போறான். அப்பச் சித்த நேரமிருக்குது.

அவகிட்ட எனக்கு ஒண்ணு சொல்லோணுமுங்க. அண்ணன் ஊட்டுல இருந்து கெளம்புனதுல இருந்தே சொல்லோணும்னு பாக்கறேன். பஸ் ஸ்டாப்புல அரை மணி நேரம் நின்னோம். பக்கத்துலதான் நின்னா. இந்த வருசம் வெயிலு சாஸ்தின்னேன். முருங்கைக்காய் நல்ல சதைப்பத்தா இருக்குதுன்னேன். அது மட்டும் வர மாட்டேங்குது. நீ என்னையக் கடைசியா வெச்சது எதுக்குன்னு எனக்குப் புரிஞ்சு போச்சு கண்ணு, நான்தான் தப்பா நெனச்சுட்டேன், என்னைய மன்னிச்சுக்கன்னு. அவ்வளவுதான். ரெண்டு வரிதான். பெத்த புள்ளைகிட்டச் சொல்ல நாக்கு எழமாட்டேங்குதுங்க. அவ ஏதாவது சொல்லிட்டா? அழுதுட்டா? சிரிச்சுட்டா?

அதனாலதான் அம்மிணி, மொதல்ல உங்ககிட்டச் சொல்லிப் பாத்தேன்.